தனகோட்டி அக்காவின் எட்டாவது போட்டோ

வரிசை இரண்டிரண்டாகப் பிரிகிற இடம் வந்தால் எல்லாரும் முன்னால் பார்ப்பார்கள். தனகோட்டி அக்கா பின்னால் பார்ப்பாள். கழுத்தை மட்டும் திருப்புகிற பழக்கம் கிடையாது. இடுப்பில் கை வைத்து, உடம்போடு திரும்பி, தலைகளை எண்ணி, ஜோடியில்லாமல் நிற்பது யார் என்று கண்டுகொண்ட பிறகுதான் அவளுக்குக் கால் நகரும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவள் அப்படித் திரும்பியபோது நின்றுகொண்டிருந்தவள் ருக்குமணி. மந்தாரக்குப்பத்து மகளிர் குழு பஸ் பிடித்து மேல்மருவத்தூர் போய் அம்மனைக் கும்பிட்டது. வந்ததுதான் வந்தோம், இதையும் பார்த்துவிடுவோம் என்று சென்னைக்கு இந்தப் பக்கம் கடலோரச் சாலையில் இருக்கிற ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் போனது. பதினைந்து பெண்கள், பதினைந்தும் செவ்வாடை. ரோலர் கோஸ்டர் ரயிலில் ஒரு வரிசைக்கு இரண்டு பேர். ஓரகத்திகள் ஒரு ஜோடி, அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் ஒரு ஜோடி என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். குழுவில் சேர்ந்து ஒரே மாதம் ஆன ருக்குமணி மட்டும் மிச்சம்.

"நீங்க போங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றாள்.

செருப்பு என்று அவள் சொன்னது சாக்குக்கு இல்லை. பதினான்கு ஜோடிச் செருப்பு அங்கே நிஜமாகவே கிடந்தது. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. காலையில் கோயிலில் கழற்றிய கால்கள். ஏறுகிற படி கண்ணில் பட்டதும் தாமாகவே கழற்றிவிட்டன. ஏறி உட்கார்ந்ததும் முன்னால் இருந்த கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு.

குழுத் தலைவி கமலாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனகோட்டி அக்கா, ருக்குமணி தனியாக நிற்பதைப் பார்த்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, எனக்குத் தல சுத்துது. நான் அடுத்த வண்டில வரேன்" என்று சொல்லி இறங்கிவிட்டாள். காலியான இடத்தில் யாரோ ஒரு மீசைக்காரரை உட்கார வைத்துவிட்டார்கள். கமலா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அடுத்த வண்டியில் அக்காவும் ருக்குமணியும். சங்கிலி டக்டக்கென்று இழுக்க ரயில் மேலே ஏறியது. ருக்குமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மன் பேரைச் சொன்னாள். உச்சியில் ஒரு கணம் நின்றது. அப்போது காதுக்குள் ஒரு சத்தம்.

"கண்ணத் தொற புள்ள! போட்டோ புடிக்கறான்!"

திறந்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கடல். அவள் பார்த்த முதல் கடல் அதுதான். அடுத்த நொடி ரயில் கீழே விழுந்தது. "ஓம் சக்தி" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறது. சிரித்தது ஞாபகம் இல்லை.

ரயில் விழுகிற இடத்தில் ஒரு கேமரா இருக்கிறது. இறங்கி வெளியே வருகிற வழியில் ஒரு கவுண்டர். அங்கே டிவிப் பெட்டிகளில் அவரவர் முகம் வரிசையாக ஓடும். பிடித்திருந்தால் அட்டை ஃப்ரேமில் போட்டுக் கொடுப்பார்கள். விலையைக் கேட்டதும் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். திரையைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ருக்குமணி பையைப் பிரித்தபோது, குங்குமப் பொட்டலத்துக்கு அடியில் முந்திரி வாசனை அடிக்கிற காகித உறை ஒன்று இருந்தது. உள்ளே அந்தப் போட்டோ. அக்கா எப்போது வைத்தாள், எப்படி வைத்தாள், தெரியாது. ருக்குமணியின் வீட்டுக்காரர் வேலுமணிக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. செகண்ட் ஷிப்ட் முடித்து வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது யாரு, தனகோட்டியக்கா பக்கத்துல?"

"நான்தான்."

அவர் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தார். "நீ சிரிச்சா இப்பிடியா இருப்ப?" என்றார். பத்து வருஷம் குடும்பம் நடத்தியவர். ருக்குமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கல்யாணப் போட்டோவில் குனிந்த தலை. ரேஷன் கார்டில் திருடியைப் போல ஒரு முழி. அவளிடம் சிரித்த முகமாக இருப்பது அந்த ஒன்றுதான். சாமி அலமாரியில், அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். முன்னால் வைக்க மனசு ஒப்பவில்லை.

தனகோட்டி அக்காவுக்குத் தொழில் முந்திரி. காடாம்புலியூரில் கொட்டை உடைக்கும் கொட்டகையில் சின்ன வயதிலேயே உட்கார்ந்தவள். கொட்டை ஓட்டுப் பால் பட்டுப் பட்டு இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் கறுத்திருக்கும். விரல்நுனி வழவழவென்று தேய்ந்திருக்கும். ஆதார் எடுக்க வந்தவர்கள் அவள் விரலைத் துடைத்தார்கள், அழுத்தினார்கள், ஈரத்துணி வைத்தார்கள். மெஷின் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அந்த மிஷினு நான் ஆளே இல்லன்னுது. இந்த ரயிலு போட்டோ மிஷினு ஒண்ணுதான் நீ இருக்கறடீன்னு சொல்லுது" என்று அக்கா சொல்லும்போது குழுவே சிரிக்கும்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மந்தாரக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தாள். காடாம்புலியூரிலிருந்து பருப்பு வாங்கி வந்து மைன்ஸ் டவுன்ஷிப்பில் வீடு வீடாக விற்பாள். முழுப்பருப்பு ஒரு தூக்கில், பாதி ஒரு தூக்கில், பாயசத்துக்கு உடைசல் ஒரு தூக்கில். தானே புயல் அடித்து முந்திரி மரமெல்லாம் சாய்ந்த வருஷம் மட்டும் துடைப்பம் பிடித்துக் கூட்டுகிற கான்ட்ராக்டுக்குப் போனாள். "மரம் வுழுந்துட்சி, நான் வுழலியே" என்பாள். மறுவருஷம் கப்பலில் வந்த வெளிநாட்டுக் கொட்டையைக் கொட்டகைக்காரர்கள் உடைக்க ஆரம்பித்ததும் தூக்கு மறுபடியும் இடுப்பில் ஏறியது.

எந்த வீட்டில் எந்த ஷிப்ட் என்பது அவளுக்கு மனப்பாடம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் தூங்குகிற வீட்டில் பெல் அடிக்கமாட்டாள். பின்பக்கம் போய், துவைக்கிற கல்மேல் வளையலைத் தட்டுவாள். வீட்டு அம்மாவுக்கு அது போதும். ஷிப்ட் மாறுகிற வாரத்தில் மாறின வீடெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். "பதினெட்டாம் பிளாக்ல மூணு வூடு இந்த வாரம் நைட்டு. அந்தப் பக்கம் சத்தம் போடாம நட புள்ள" என்று வீட்டு வேலைக்குப் போகிற ருக்குமணியிடம் சொல்லி அனுப்புவாள்.

இவ்வளவு கணக்காகப் பேசுகிறவள், ஆடிக்கு ஆடி குழு அதே பயணம் போகும்போது அந்தப் போட்டோவுக்கு மட்டும் காசு பார்க்கமாட்டாள். ஒன்று இல்லை, இரண்டு வாங்குவாள். ஒன்று பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, ஒன்று தனக்கு.

"காசப் புடிச்ச கேடு" என்பாள் கமலா.

"வாங்கலன்னா அழிச்சிடறாங்களாம்மே. அந்தத் தம்பியக் கேட்டேன். சிரிச்ச மூஞ்சிய அழிக்கறது பாவமில்லியா?"

"நீ மட்டும் எதுலயும் சிரிக்கலியேடி. கும்புடு போட்டுக்கினு இல்ல ஒக்காந்திருக்க!"

அது உண்மை. ரயில் விழும்போது மற்ற ஜனங்கள் கையை விரித்துத் தூக்குவார்கள். தனகோட்டி அக்கா தலைக்குமேல் கைகூப்புவாள். கறுத்த இரண்டு கை கோபுரம் மாதிரி குவிந்திருக்கும். அடியில் ஒரு தெளிந்த முகம். பக்கத்தில் இருப்பவர்தான் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்.

அவள் அறைச் சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், அப்படி ஏழு போட்டோ. மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் மூன்று. முதலாவது ருக்குமணியோடு எடுத்தது. தானே புயலில் கூரைத்தகடு பறந்த ராத்திரி மழை புகுந்து, அக்காவின் முகம் மட்டும் சாயம் போய்விட்டது. ருக்குமணி மட்டும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருப்பாள். நான்காவதில் கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு காலேஜ் பெண். "ரெண்டு பேரும் அந்தக் கத்து கத்துனோம், பேரக் கேக்க மறந்துட்டேன் பாரு." ஆறாவதில் கமலாவே இருக்கிறாள். அந்த வருஷம் நாத்தனாரோடு சண்டை. பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் நின்றாள். அக்கா ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்தாள். "மீசைக்காரர் வரலியாம், நான் வந்திருக்கறேன்" என்றாளாம்.

மூன்றாவதில் இருப்பவர் சந்திரா அம்மா. மைன்ஸில் பெர்மனென்ட் உத்தியோகத்தில் இருந்த கோபாலகிருஷ்ணன் சாரின் மனைவி, மதுரைப் பக்கத்துக்காரர். ருக்குமணி வேலை செய்கிற வீடு. "நானும் உங்களோட கோயிலுக்கு வர்றேனே" என்று அவராகக் கேட்டு வந்தார். கோயிலில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. பூங்காவில் ரயிலுக்கு வரிசை பிரிந்தபோது தெரிந்தது. அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் வரவில்லை. மரியாதைதான், ஆனால் மரியாதையால் ஒருவரை எப்படித் தனியாக நிறுத்திவிட முடிகிறது என்று ருக்குமணி அன்றைக்குப் பார்த்தாள். அவளுக்கே கால் எழவில்லை. முதலாளியம்மா பக்கத்தில் எப்படி என்று நின்றாள்.

அக்கா போய் உட்கார்ந்தாள். ஏறும்போது, "பயப்படாதீங்க மேடம். கம்பிய நல்லா புடிச்சுக்குங்க மேடம்." உச்சிக்குப் போனதும் மேடம் பறந்துபோயிற்று. "ஏ சந்திரா! கண்ணத் தொற! போட்டோ புடிக்கறான்!"

போட்டோவில் சந்திரா அம்மா இரண்டு கையாலும் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே வந்ததும் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாய் தவறிட்சிங்க, மன்னிச்சுக்குங்க" என்றாள். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. சந்திரான்னு பேர் சொல்லிக் கூப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். அப்படியே கூப்பிடுங்க." அக்கா அதற்கப்புறம் கூப்பிடவில்லை. ஆனால் அந்த வீட்டில் மட்டும் பெல் அடிக்காமல், வளையலும் தட்டாமல், நேரே சமையற்கட்டுக்குப் போவாள்.

இந்தப் பயணம் ருக்குமணிக்கு ஆரம்பத்தில் உறுத்தலாகத்தான் இருந்தது. அம்மனைப் பார்த்த கண்ணோடு ஆட்டமும் கூத்துமா என்று கேட்டாள். அக்கா யோசித்துப் பதில் சொன்னாள். "கோயில்ல நாம கீழ நிக்கறோம், ஆத்தா மேல இருக்கறா. இங்க ஒரு நிமிசம் நாமளும் மேல போறோம். கிட்டக்கப் போயி ஒரு கும்புடு போட்டுட்டு வர்றது தப்பா?" அதற்குமேல் ருக்குமணிக்கு உறுத்தவில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டு சித்திரையில் பதினெட்டாம் பிளாக்கில் ஒரு வீட்டுப் படியேறும்போது அக்கா உட்கார்ந்துவிட்டாள். தூக்கு உருண்டு, முழுப்பருப்பும் உடைசலும் படியெல்லாம் கலந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த ருக்குமணிதான் ஆட்டோ பிடித்து மந்தாரக்குப்பத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். பிரஷர் ஏகத்துக்கு இருக்கிறது, இருதயமும் பலவீனம் என்றார். மாத்திரை எழுதினார். சுமை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. குழுப் பயணத்தைப் பற்றி ருக்குமணி சொன்னதும், "ராட்டினம் கீட்டினம் பக்கமே போகக்கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள். "ராட்டினந்தான வேணான்னாரு. இது ரயிலாச்சே."

"அக்கா!"

"சும்மா இரு புள்ள. ஆடி முடிஞ்சதும் இசைப்பிரியா வந்து ஓசூருக்கு இட்டுக்கினு போறேன்னுட்டா. இனிமே தனியா உடமாட்டாளாம்." இசைப்பிரியா அவள் ஒரே மகள், ஓசூரில் கம்பெனி வேலை. "செவுத்துல கீழ் வரிசையில ஒரு எடம் காலியா கெடக்குது பாத்தியா? எட்டாவது ஒண்ணு ஒட்டிட்டேன்னா போதும். அப்பறம் எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் போறேன். யார்கிட்டயும் சொல்லாத. ஆத்தா மேல சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் வேணாங்கக்கா."

"அப்ப தலையயாவது ஆட்டு."

ருக்குமணி ஆட்டிவிட்டாள். ஆட்டிய தலை ஆடி மாதம் வரைக்கும் பாரமாக இருந்தது. சொன்னால் அக்காவின் ஆசை போகும். சொல்லாவிட்டால் அக்காவே போய்விடுவாளோ என்று பயம். சோறு வடிக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, அதே நினைப்பு. அந்த வருஷம் மேல்மருவத்தூரில் அம்மன் முன்னால் நின்றபோது வேண்டிக்கொள்ள அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. தாயே, ஏறி எறங்கற வரைக்கும் அவங்க நெஞ்ச நீ புடிச்சுக்கோ. அவ்வளவுதான்.

பூங்காவில் அன்றைக்குப் பதினான்கு பேர். அக்கா வழக்கம்போல இடுப்பில் கை வைத்துத் திரும்பி எண்ணினாள். எல்லாரும் ஜோடி. அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். "இந்த வருசம் யாரும் ஒத்தையா இல்லியே. சரி வா, மொதப் போட்டோவும் நீதான், கடைசிப் போட்டோவும் நீதான்" என்று ருக்குமணியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வெளியே பதினான்கு ஜோடிச் செருப்பு.

பெல்ட் மாட்டுகிற ஊழியர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "பிரஷர், இருதய வியாதி, யாருக்காவது இருக்குதாம்மா?" பலகையிலும் அதுவே எழுதியிருந்தது. எல்லாரும் இல்லை இல்லை என்றார்கள். அக்காவும் இல்லை என்றாள், நன்றாக உரக்கவே. கம்பி இறங்கி மடியில் உட்கார்ந்தது. அக்கா ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று இருந்தது. வேர்த்திருந்தது. மணிக்கட்டில் நாடி, மூடின பானைக்குள் தவளை குதிக்கிற மாதிரி குதித்தது.

"தம்பி" என்றாள் ருக்குமணி. "இவங்களுக்கு பிரஷர் இருக்குதுங்க. நெஞ்சுக்கு மாத்திர சாப்புடறாங்க. எறக்கி உட்டுடுங்க."

கம்பி மறுபடியும் மேலே போயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். முதல் வரிசையிலிருந்து கமலா திரும்பினாள். "என்னாடி இது? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே ரெண்டு பேரும்!" அக்கா கையை உருவிக்கொண்டாள். இறங்கினாள். ருக்குமணியும் எழுந்தாள்.

"நீ எறங்காத."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள். பிறகு இடுப்பில் கை வைத்து, உடம்போடு திரும்பி, வரிசையைப் பார்த்தாள்.

வேலிக்கம்பி ஓரமாக ஒரு பச்சைப் புடவைக்காரி. அறுபது வயது இருக்கும். தோளில் இரண்டு பை, கையில் ஒரு பை. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் முந்தின வண்டியில் போயிருந்தார்கள்.

"ஏம்மா, நீ ஏறலியா?"

"இல்லீங்க. நான் பையப் பாத்துக்கறேன்."

"ஒடம்புக்கு ஏதாவது செய்யுதா? பிரஷரு, சக்கர?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"பையத்தான பாக்கணும்? குடு இங்க."

மூன்று பையும் அக்கா தோளுக்கு மாறியது. அந்த அம்மா என்ன ஏது என்று புரிவதற்குள், ஊழியர் காலி இடத்தைக் காட்ட, ருக்குமணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பி இறங்கியது.

ரயில் ஏறியது. பக்கத்தில் அந்த அம்மா முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள். ருக்குமணி கீழே பார்த்தாள். எறும்புக் கூட்டம் மாதிரி ஜனம். அதில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் அண்ணாந்து நின்றது. உச்சியில் ரயில் நின்ற கணத்தில் ருக்குமணிக்கே தெரியாமல் வாய் திறந்தது.

"கண்ணத் தொறங்கம்மா! போட்டோ புடிக்கறான்!"

கீழே வந்து கவுண்டருக்குப் போனபோது அக்கா அங்கே முன்னதாகவே நின்றுகொண்டிருந்தாள். மூன்று பையும் தோளில். கறுத்த விரல் திரையில் ஒரு படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "இதுதான் தம்பி. ரெண்டு குடு." ஒன்றைப் பச்சைப் புடவைக்காரியிடம் கொடுத்து, பைகளையும் ஒவ்வொன்றாக ஒப்படைத்தாள். மற்றதைத் தன் மஞ்சள் பையில் வைத்தாள்.

"அக்கா, இதுல நீங்க இல்லியே."

அக்கா பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்க நடந்தாள்.

திரும்பும்போது ருக்குமணியைத் தாண்டிப் போனாள். பஸ்ஸில் கமலாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். ருக்குமணி இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் தனியாக இருந்தாள். போட்டோவுக்காக அக்கா கோபப்பட்டால் பரவாயில்லை. தலையை ஆட்டிவிட்டுச் சொன்னாளே, அதற்கு என்ன செய்வது? குங்குமப் பொட்டலத்தைக் கையில் வைத்து மூடிக்கொண்டு வந்தாள். நான் செஞ்சது சரியா தாயே என்று எத்தனை தடவை கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி டீ குடித்துவிட்டு ஏறினார்கள். ருக்குமணி இறங்கவில்லை. தனகோட்டி அக்கா கடைசியாக ஏறினாள். கமலாவின் சீட்டுவரை வந்தாள். நின்றாள். இடுப்பில் கை போயிற்று. உடம்பு திரும்பியது. சீட்டு சீட்டாகப் பார்த்துக்கொண்டே வந்த கண், ருக்குமணியிடம் வந்து நின்றது.

"தள்ளி ஒக்காரு."

ருக்குமணி தள்ளி உட்கார்ந்தாள். அக்கா மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு பேசினாள்.

"நீ மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா, நான் ஆத்தாகிட்டக்க ரொம்பக் கிட்டக்கப் போயிருப்பேன். நீ ஒத்தையா எறங்கி வந்திருப்ப."

ருக்குமணி அழுதாள்.

"அழுவாத. மூக்கத் தொட. உன் கையப் புடிச்சப்பவே எனக்கே பயம் வந்துட்சி. எறங்கறேன்னு எப்பிடிச் சொல்றதுன்னு பாத்துக்கினு இருந்தேன். கமலா சிரிப்பாளே!"

முன் சீட்டிலிருந்து கமலாவின் குரல் வந்தது. "எல்லாம் காதுல வுழுதுடி."

பஸ் முழுக்கச் சிரித்தது.

எட்டாவது போட்டோ சுவரில் ஏறியது. ஏழு போட்டோவில் கைகூப்பிய தனகோட்டி அக்கா. எட்டாவதில் ருக்குமணியும் ஒரு பச்சைப் புடவையும். ருக்குமணி இந்தத் தடவை கைகூப்பியிருந்தாள். பார்க்க வந்தவர்கள், "இதுல நீ எங்கடி?" என்று கேட்டால், அட்டைக்குக் கீழே வெறும் சுவரைத் தொட்டுக் காட்டுவாள். "இங்க. பைய வெச்சிக்கினு கீழ நிக்கறேன். போட்டோவுல வுழல, அவ்ளோதான்."

ஆவணியில் இசைப்பிரியா வந்தாள். தூக்குகளை அக்கா சந்திரா அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் அதில் துளசி வைத்திருக்கிறார். போட்டோக்கள் எட்டையும் சுவரிலிருந்து எடுத்து, முந்திரி உறைகளில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டாள். மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் குழுவே வந்து நின்றது. மகளை மூட்டை முடிச்சோடு பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டு, அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

ருக்குமணி ஜன்னலுக்குக் கீழே நின்றாள். பஸ் உறுமியதும், வழித்துணையாக இரு தாயே என்று கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு முணுமுணுத்தது. கன்னத்தில் நீர் இறங்கியது. பஸ் நகர்வது காலடியில் தெரிந்தது.

அப்போது தலைக்குமேல் அந்தக் குரல். அண்ணாந்தால், தனகோட்டி அக்கா ஜன்னலுக்கு வெளியே இரண்டு கறுத்த கையையும் நீட்டி, விரல்களை நான்கு மூலையாகச் சேர்த்து, நடுவில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணத் தொற புள்ள! போட்டோ புடிக்கறேன்!"